‘நடக்குமா?’ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: ஒரு வேலையில் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறேன், பலன் கண்ணில் படவில்லை. ஒரு நாள் எரிச்சல், மறுநாள் ‘நமக்கு இது வருமா’ என்ற சந்தேகம். ‘நல்லதையே நினை’ என்று எல்லாரும் சொல்கிறார்கள், நினைத்தும் பார்த்தாயிற்று. மனசு விட்டுப்போகாமல் உருப்படியாக வேலை செய்ய என்ன வழி?

நான் இருபது வருடங்களுக்கு மேலாக மென்பொருளில் பிழை தேடிச் சரிசெய்யும் வேலையில் இருக்கிறேன். இதில் பாதி நாள் ‘ஏன் இப்படி ஆகிறது’ என்று விழிப்பதிலேயே போய்விடும். எரிச்சலும் சந்தேகமும் எனக்கு வீட்டு ஆட்கள் மாதிரி. அதனாலேயே இது பற்றிய உளவியல் ஆய்வுகளையும் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. இரண்டையும் கலந்துதான் சொல்லப்போகிறேன்.

‘நல்லதையே நினை’ என்பதை முதலில் ஓரம் கட்டிவிடலாம். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்கிறார். 1991-இல் தாமஸ் வாட்டன் என்பவரோடு சேர்ந்து, எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஒரு வருடம் கவனித்தார். ‘என்னால் முடியும் என்று எதிர்பார்க்கிறேன்’ என்றவர்களுக்கு எடை நன்றாகவே குறைந்தது. ஆனால், மெலிந்தபின் எப்படி இருப்போம் என்று அழகழகாகக் கற்பனை செய்து பார்த்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் குறைந்தது. இனிப்பான கற்பனையில் மனசு பாதி நிறைந்துவிடுகிறது, அப்புறம் கை நகர மாட்டேன் என்கிறது. அவர் பின்னாளில் சொன்ன வழி எளிமையானது: வேண்டியதை நினையுங்கள், உடனே அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதையும் நினையுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து நினைக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு நல்லதை மட்டுமே நினைக்க வரவில்லை என்றால் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. மனநிலை சரியானதும் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டோம். 1861 அக்டோபர் 1-ஆம் தேதி சார்லஸ் டார்வின் தன் நண்பர் லயலுக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்று உடம்பு சரியில்லை, மூளை மந்தமாக இருக்கிறது, எல்லாரையும் எல்லாவற்றையும் பிடிக்கவில்லை என்று புலம்பியிருக்கிறார். உலகப் புகழ் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது அப்போது. ஆர்க்கிட் மலர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் திணறிக்கொண்டிருந்தார். அந்த வேலை அடுத்த வருடமே நூலாக வெளிவந்துவிட்டது. எல்லாவற்றையும் வெறுத்துக்கொண்டே கூட வேலையைத் தொடர முடியும் என்பதற்கு இதைவிட ஆறுதலான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எரிச்சலும் சந்தேகமும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறோம். இரண்டுக்கும் மருந்து வேறு.

எரிச்சலுக்கு மூலம் பெரும்பாலும் கணக்குத் தப்பு. ‘இதற்குள் முடிந்திருக்க வேண்டும்’ என்று நாம் மனசுக்குள் போட்டுவைத்த தேதி ஒன்று இருக்கிறது. அது கடந்துபோகும்போதுதான் எரிச்சல் ஏறுகிறது. அந்தத் தேதியை யார் போட்டது? 1994-இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே மோசமாகப் போனால்? ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே கெட்டுப்போகும் என்று வைத்துப் போட்ட கணக்கைக் கூட நிஜம் தாண்டிவிட்டது! அந்த மாணவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. மனிதர்கள் காலக்கணக்கு போடும் லட்சணம் அப்படி. அதனால் ‘இன்னும் முடியவில்லையே’ என்று பல்லைக் கடிக்கும்போது, வேலை மெதுவாகப் போகிறதா, அல்லது முதலில் போட்ட தேதிதான் பொய்யா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் பத்துக்கு ஏழு தடவை தேதிதான் பொய். அதை அடித்துவிட்டு நேர்மையான ஒரு தேதியை எழுதியதுமே பாதிச் சூடு இறங்கிவிடும்.

எரிச்சலை ‘கொட்டித் தீர்த்துவிட்டால்’ சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தலையணையைக் குத்துவது, கத்துவது, ஓடித் தீர்ப்பது இதெல்லாம். 2024-இல் சோஃபி கேர்விக்கும் பிராட் புஷ்மனும் 154 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள்; அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். உடம்பைச் சூடேற்றும் செயல்கள் கோபத்தைக் குறைக்கவில்லை. மூச்சை நிதானப்படுத்துவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் என்று உடம்பைத் தணிக்கிறவைதான் குறைத்தன. ஓட்டம் உடம்புக்கு நல்லதுதான், அதை விடச் சொல்லவில்லை. கோபத்துக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான்.

சந்தேகம் வேறு ரகம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

‘நடக்குமா?’ என்று மனசு கேட்கும்போது அதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கும். இந்த வேலை செய்யத் தகுந்ததா? நான் போகும் வழி சரியா? நான் இதற்கு ஏற்ற ஆளா? கவனித்துப் பார்த்தால், இரண்டாவது கேள்விதான் மூன்றாவதின் வேஷத்தில் வந்து நிற்கிறது. வழி அடைபட்டிருப்பதை ‘நான் லாயக்கில்லை’ என்று படித்துக்கொள்கிறோம். வழியைப் பற்றிய கேள்வி என்றால் ஆராய முடியும், சோதித்துப் பார்க்க முடியும். ஆளைப் பற்றிய கேள்வியை ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால் விடிகிறவரை யோசிக்கலாம், ஒன்றும் நகராது.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸின் கதையை. ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் முந்நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாக யாருக்கும் பிடிபடாமல் கிடந்தது. வைல்ஸ் ஏழு வருடம், பெரும்பாலும் யாருக்கும் சொல்லாமல் உழைத்து, 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். உலகமே கொண்டாடியது. சில வாரங்களில், சரிபார்க்கும்போது ஒரு ஓட்டை தெரிந்தது. சின்ன ஓட்டை என்று நினைத்தார். அடைக்க அடைக்க இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. ஏழு வருடம் தனிமையில் செய்ததை இப்போது உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டிய நிலைமை. தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்தார். ஓட்டை தெரிந்து ஒரு வருடம் ஆகியும் ஒன்றும் வழிக்கு வரவில்லை. கைவிடும் விளிம்புக்கே வந்துவிட்டார்.

1994 செப்டம்பர் 19, திங்கட்கிழமை காலை. மேசையில் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த அந்த முறையை எடுத்துப் பார்த்தார். அதைச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அல்ல. குறைந்தபட்சம் அது ஏன் வேலை செய்யவில்லை என்பதையாவது துல்லியமாகப் புரிந்துகொண்டு முடித்துக்கொள்ளலாம் என்றுதான். அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வேலை செய்யாமல் போன அந்த முறையே, பல வருடங்களுக்கு முன் அவர் பாதியில் விட்ட இன்னொரு முறைக்குத் தேவையான துண்டாக இருந்தது. இரண்டும் தனித்தனியே போதாது, சேர்ந்தால் போதும். நிரூபணம் 1995-இல் அச்சேறியது.

மேதைகளின் கதையைச் சொல்லி நம்மைத் தூண்டிவிடுவது எனக்கும் பிடிக்காது. நூறு பேர் இப்படி உழைத்து ஓட்டையோடு நின்றுபோயிருப்பார்கள், அவர்கள் கதை நமக்கு வருவதில்லை. நான் இதில் எடுத்துக்கொள்வது வெற்றியை அல்ல, அந்தக் காலை நேரத்துக் கேள்வி மாறிய விதத்தை. ‘முடியுமா?’ என்பது ‘சரியாக எந்த இடத்தில், எதனால் நிற்கிறது?’ என்று மாறியது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எதிர்காலம் தெரிய வேண்டும். இரண்டாவதுக்கு எதிரே இருக்கும் தாள் போதும்.

என் அளவில் ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் மென்பொருளில் ஒரு பிழை. அன்றாடப் பதிவுகளை எண்ணிக் காட்டும் அறிக்கைகள் இரண்டு. இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். சில நாள் காட்டும், சில நாள் இரண்டு மூன்று எண்ணிக்கை இடிக்கும். எதை மாற்றினாலும் ஒரு நாள் சரியாகும், மறுநாள் திரும்ப வரும். ஐந்தாம் நாள் எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. வயதாகிவிட்டது, இந்தத் தொழிலை விட்டுவிடலாம் என்றெல்லாம் யோசனை ஓடியது. கவனியுங்கள், பிழை கணினியில். கேள்வி கேட்கப்பட்டதோ என் தகுதியின் மேல்.

அன்று ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து மூன்று பத்தி பிரித்தேன். செய்தது என்ன, என்ன ஆகும் என்று எதிர்பார்த்தேன், என்ன ஆனது. முதல் நான்கு நாள் கதையையும் நினைவிலிருந்தும் பதிவேடுகளிலிருந்தும் எடுத்து நிரப்பினேன். எழுதும்போதே ஒன்று புரிந்தது: இரண்டு முறை ஒரே மாற்றத்தைச் செய்து பார்த்திருக்கிறேன், முதல் முறை செய்தது மறந்துபோய். எரிச்சலில் வேலை செய்தால் இப்படித்தான், சுற்றிச் சுற்றிச் செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் நடப்போம், நடக்கிற களைப்பை முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டு. பக்கத்தின் கீழே ‘இன்னும் பார்க்காதவை’ என்று ஒரு தலைப்பு போட்டு ஏழெட்டு வரி எழுதினேன். பிழை அன்று பிடிபடவில்லை. ஆனால் ‘நான் லாயக்கில்லை’ என்பது இருந்த இடத்தில் ஏழெட்டு வேலைகள் வந்து உட்கார்ந்தன. தூக்கம் வந்தது.

எழுதுவது ஏன் உதவுகிறது என்பதற்கு என் விளக்கம் இது: 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலம். தப்பிக்க வழியே இல்லாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னால் வழி திறந்திருந்தபோதும் பெரும்பாலும் எழுந்திருக்கவில்லை. ‘எதுவும் நம் கையில் இல்லை’ என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கினார்கள். ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது கற்றுக்கொண்டது அல்ல, உடம்பின் இயல்பான எதிர்வினையே அதுதான். கற்றுக்கொள்ள வேண்டியது மற்றொன்று: ‘நான் ஒன்று செய்தால் ஏதோ ஒன்று மாறுகிறது’ என்பது. தங்கள் பெயரையே நிலைநாட்டிய கருத்தைத் தாங்களே திருத்தியது தனி அழகு. அது இருக்கட்டும். நமக்கு இதில் கிடைக்கும் சேதி, மாதக்கணக்கில் பலனில்லாத வேலைக்கு நடுவே துவண்டு போவது உங்கள் குணத்தின் ஓட்டை இல்லை. துவளாமல் இருக்க, செய்ததும் பலன் தெரிகிற சின்ன வேலை ஒன்று அன்றன்றைக்கு வேண்டும். ஒரு பக்கத்தைத் திருத்துவது, ஒரு சோதனையை முடித்து ‘இது காரணம் இல்லை’ என்று அடித்துவிடுவது, எதுவாக இருந்தாலும் சரி. தெரீசா அமபிலும் ஸ்டீவன் கிராமரும் 238 பணியாளர்களின் நாட்குறிப்புகளை, ஏறத்தாழ 12,000 குறிப்புகளை, அலசியபோது கண்டதும் இதையேதான். நல்ல நாளாக உணரவைத்தவற்றில் முதலிடம் பாராட்டுக்கோ போனஸுக்கோ இல்லை. முக்கியமான வேலையில் ஒரு அடி நகர்ந்தது என்பதற்கு.

நகராத காலமும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறமை சார்ந்த விஷயம் என்றால், ஒரு மொழி, ஒரு வாத்தியம், ஒரு கைவேலை, அங்கே தேக்கம் பாதையின் ஒரு பகுதி. 1897-இல் பிரையனும் ஹார்ட்டரும் தந்தி கற்கிறவர்களை வாரம்தோறும் அளந்தார்கள். அனுப்பும் வேகம் சீராக ஏறியது. வாங்கிப் புரிந்துகொள்ளும் வேகமோ ஓரிடத்தில் வாரக்கணக்கில் அப்படியே நின்றது, அப்புறம் திடீரென்று ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொல்சொல்லாகக் கேட்கப் பழகும் காலம் அது என்று விளக்கினார்கள். எல்லாத் தேக்கமும் இப்படி உடையும் என்று சொல்ல மாட்டேன். தவறான முறையில் பயிற்சி செய்தாலும் தேங்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: தப்புகளின் ரகம் மாறுகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை குறையாவிட்டாலும், போன மாதம் செய்த தப்பும் இந்த மாதம் செய்யும் தப்பும் வேறு வேறு என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. அதே தப்பு அதே இடத்தில் என்றால் முறையை மாற்றுங்கள், அல்லது தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தெரிந்தவர் என்றதும், மற்றவர்களிடம் பேசுவது பற்றி. பேசுங்கள், ஆனால் யாரிடம் எதைப் பேசுகிறோம் என்று பார்த்துப் பேசுங்கள். உங்களைப் போலவே நொந்துபோன ஒருவரிடம் தினமும் அதே புலம்பலைச் சுற்றிச் சுற்றிப் பேசினால் நட்பு நெருக்கமாகும், மனசு இன்னும் பாரமாகும். இளவயதினரிடையே அமாண்டா ரோஸ் 2002-இல் கண்டதும் இதுதான். கோபமாக ஒருவருக்கு எழுத வேண்டியிருந்தால் எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருக்கலாம். ஆபிரகாம் லிங்கன் 1863 ஜூலையில், எதிரிப் படையைத் தப்பவிட்ட தன் தளபதி மீடுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதி, உறையில் ‘அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை’ என்று குறித்து வைத்துவிட்டார். தளபதி தொடர்ந்து போரை நடத்தினார். (எனக்கு அந்த ஒழுக்கம் பாதி நாள் வருவதில்லை. அனுப்பிவிட்டு வருந்தியவை ஒரு கட்டு தேறும்.)

சோர்வு வரும் நேரத்துக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்து வைப்பதும் பலன் தரும். ‘கவனமாக இருப்பேன்’ என்ற பொதுவான உறுதி போதாது. ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று வாக்கியமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பீட்டர் கோல்விட்ஸரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்படிக் கோத்து வைத்தவர்கள் வெறும் உறுதி எடுத்தவர்களைவிடக் கணிசமாக அதிகம் செய்து முடித்தார்கள். என்னுடையது: ‘ஒரே மாற்றத்தை மூன்றாம் முறை செய்யக் கை போனால், எழுந்து போய் நோட்டை எடுப்பேன்.’

விடுவது பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. விடாமுயற்சியை எல்லாரும் புகழ்கிறார்கள், விடத் தெரிவதையும் கொஞ்சம் புகழலாம். கார்ஸ்டன் ராஷும் சக ஆய்வாளர்களும் 2003-இல் காட்டியபடி, எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றில் இறங்கத் தெரிந்தவர்கள் மன நலத்தோடு இருக்கிறார்கள். பிரச்சினை, எந்த நாளில் விடுவது என்பதுதான். மோசமான நாளின் மாலையில் எடுக்கிற முடிவு கோபத்தின் முடிவு. அதனால் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எழுதி வைத்துவிடுங்கள்: இன்ன தேதிக்குள் இன்னது தெரியாவிட்டால் நிறுத்துவேன். தேதி வரும்வரை ‘விடலாமா’ என்ற விவாதத்துக்கே இடமில்லை. வந்தபின் எழுதியதை மதிக்க வேண்டும்.

தடை உங்கள் முயற்சியில் இல்லாமல், உங்களைச் சரியாக நடத்தாத இடத்தில் இருக்கலாம். அந்த இடத்தில் ‘மனநிலையை மாற்றிக்கொள்’ என்பது புண்ணுக்குப் புனுகு தடவுவது. மாற்ற வேண்டியது இடத்தை. அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அது விரக்தியைத் தாண்டிய விஷயம். மருத்துவரைப் பாருங்கள். நோட்டும் பத்திகளும் அதற்குப் போதாது.

அந்தப் பிழையின் கதையை முடித்துவிடுகிறேன். பதினோராம் நாள், கூட வேலை செய்யும் இளைஞர் ஒருவர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். “சார், முந்தாநாள் மூணு கூடியிருக்கு, நேத்து மூணு குறைஞ்சிருக்கு. போன வாரமும் ரெண்டு கூடி, மறுநாள் ரெண்டு குறைஞ்சிருக்கே?” என்றார். பதிவுகள் காணாமல் போகவில்லை, ஒரு நாளிலிருந்து பக்கத்து நாளுக்கு நகர்ந்திருந்தன. அந்த அறிக்கைகளைத் தயாரித்த இரண்டு கணினிகளின் கடிகாரமும் நாற்பது நொடி வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நள்ளிரவு தாண்டிய முதல் நாற்பது நொடிக்குள் ஏதாவது பதிவு வந்த நாட்களில் மட்டும் கணக்கு இடித்திருக்கிறது. சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. ஐந்தாம் நாள் பக்கத்தின் கீழே, ‘இன்னும் பார்க்காதவை’ பட்டியலின் கடைசி வரியில், என் கையெழுத்திலேயே ‘கடிகாரம்?’ என்று இருந்தது.